எழுபது வளைவுகளும் ஒரு ஹெரால்டும்

பிரிட்டனின் புகழ்பெற்ற ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் எலும்பும் நரம்பும் நம் வண்டலூரில் பிறந்த ஒரு சின்னக் காருக்குள் இருக்கின்றன. கொல்லிமலை ஏறும்போது அது வெளியே தெரிகிறது.

நாமக்கல்லில் இருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாகப் போனால் காரவள்ளி. அதுவரை சமவெளியில் சொகுசாக ஓடிவந்த சாலை, அங்கே மலையோடு மல்லுக்கட்டத் தொடங்குகிறது. கொண்டை ஊசி வளைவுகள் மொத்தம் 70. ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை. சோளக்காட்டை எட்டிய பிறகுதான் ஸ்டியரிங் பிடித்த தோள்களுக்கு ஓய்வு. மலைமேல் கிளைச்சாலைகள் அரியூர் நாடு, வாழவந்தி நாடு, தின்னனூர் நாடு என்று 'நாடு'களுக்குள் பிரிந்து போகின்றன. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி, சரிவெங்கும் பலாவும் மரவள்ளியும், பள்ளங்களில் படிப்படியாக நெல்வயல். கடல்மட்டத்தில் இருந்து ஆயிரம் மீட்டருக்கும் மேல் உயரம்.

இந்தப் பாதையில் வண்டியை மதிப்பிட மலை டிரைவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான். வளைவில் ஒரே வெட்டில் திரும்புமா, ரிவர்ஸ் போட வேண்டுமா?

பவர் ஸ்டியரிங் வைத்த இன்றைய பெரிய எஸ்.யூ.வி.க்கள்கூட எதிரே பேருந்து வந்துவிட்டால் சில வளைவுகளில் திணறுகின்றன. ஆனால் அறுபதுகளில் சென்னைக்கு அருகே தயாரான ஒரு கார், பவர் ஸ்டியரிங் என்ற பேச்சே இல்லாமல், 25 அடி அகலத்துக்குள் முழு வட்டம் அடித்துவிடும். முன்சக்கரங்கள் அவ்வளவு தூரம் மடங்கும். அதுதான் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. ஒரு தலைமுறைத் தமிழ்க் குடும்பங்களுக்கு டாக்டர் வீட்டுக் காராகவும் வக்கீல் வீட்டுக் காராகவும் நினைவில் இருக்கும் அதே வண்டி. அதன் அடிச்சட்டத்தைக் கொஞ்சம் சுருக்கி, மேலே இரண்டு பேர் உட்காரும் திறந்த உடலைப் பூட்டினால் கிடைப்பது டிரையம்ப் ஸ்பிட்ஃபயர். உலகெங்கும் பழைய கார் பிரியர்கள் இன்றும் பொத்திப் பொத்தி வைத்திருக்கும் பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் அது.

டூரினில் வரைந்தது, வண்டலூரில் வளர்ந்தது

ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1903-ல் இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் தொடங்கியது. இரண்டாம் உலகப்போர் முடியும் தறுவாயில் டிரையம்ப் நிறுவனத்தை வாங்கிக்கொண்டது. ஐம்பதுகளின் நடுவில் அதற்கு ஒரு நெருக்கடி வந்தது. அதற்குக் கார் உடல்களைச் செய்து கொடுத்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோ நிறுவனத்தைப் போட்டியாளரான பி.எம்.சி. வாங்கிவிட்டது. புதிய காருக்கு ஒரே துண்டாக உடல் செய்து தர ஆள் இல்லை.

அந்த முட்டுக்கட்டையில் இருந்துதான் ஹெரால்டு பிறந்தது. எல்லோரும் சட்டமும் உடலும் ஒன்றான மோனோகாக் முறைக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில், ஹெரால்டுக்குப் பழைய பாணியில் தனிச் சட்டம் கொடுத்தார்கள். உடலைப் பல துண்டுகளாகப் பிரித்து, வெவ்வேறு இடங்களில் செய்து, போல்ட் போட்டு இணைத்தார்கள். வடிவமைத்தவர் இத்தாலியின் டூரின் நகரத்து ஜியோவானி மிக்கலோட்டி. 1959 ஏப்ரலில் கார் வெளியானது. நான்கு சக்கரங்களுக்கும் தனித்தனி சஸ்பென்ஷன், ராக் அண்ட் பினியன் ஸ்டியரிங் என்று அந்தக் காலத்துச் சிறிய குடும்பக் கார்களில் எளிதில் கிடைக்காத வசதிகள் அதில் இருந்தன.

போல்ட் போட்டு இணைக்கும் அந்த முறை, கடல் கடந்து பெட்டிகளில் அனுப்பி வேறு நாட்டில் பூட்டுவதற்கு மிகவும் தோதாக அமைந்தது. அந்த வசதி நமக்கும் வாய்த்தது. சென்னையின் யூனியன் கம்பெனியும் பிரிட்டனின் ஸ்டாண்டர்டும் கைகோத்து 1948-ல் தொடங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா, வண்டலூர் ஆலையில் முதலில் வான்கார்டு கார்களைத் தயாரித்துவந்தது. 1961-ல் ஹெரால்டு அங்கே வந்தது. பிரிட்டனில் அது டிரையம்ப் ஹெரால்டு. இங்கே மக்களுக்குப் பழகிய பெயரோடு ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 948 சி.சி. எஞ்சின், நான்கு கியர், இரண்டு கதவு. பின்னாளில் இந்தியக் குடும்பங்களுக்காகவே நான்கு கதவு வைத்த ஹெரால்டையும் வண்டலூர் ஆலை செய்தது. அப்படி ஒன்றைப் பிரிட்டன்கூடச் செய்யவில்லை.

பிரிட்டனில் 'ஸ்டாண்டர்டு' என்ற பெயர் 1963-லேயே கார்களில் இருந்து மறைந்துவிட்டது. அதற்குப் பிறகும் ஏறத்தாழ கால் நூற்றாண்டு அந்தப் பெயரைச் சுமந்தது சென்னை மட்டுமே.

தூசுத் துணிக்குள் கிடந்த ஸ்போர்ட்ஸ் கார்

ஹெரால்டின் சட்டத்தில் ஒரு மலிவான ஸ்போர்ட்ஸ் கார் செய்யலாம் என்று மிக்கலோட்டி ஒரு மாதிரி வண்டியைச் செய்து கொடுத்திருந்தார். நிறுவனத்திடம் பணம் இல்லாததால் அது ஆலையின் ஒரு மூலையில் துணி போர்த்தியபடி கிடந்தது. 1961-ல் லேலண்டு நிறுவனம் ஸ்டாண்டர்டு-டிரையம்பைக் கையில் எடுத்தது. ஆலையைச் சுற்றிப் பார்க்கவந்த லேலண்டின் ஸ்டான்லி மார்க்லண்ட் அந்தத் துணியை விலக்கிப் பார்த்து, தயாரிப்புக்கு ஒப்புதல் கொடுத்தார் என்பது கார் உலகம் நன்கறிந்த செய்தி. 1962-ல் லண்டன் கண்காட்சியில் ஸ்பிட்ஃபயர் அறிமுகமானது. போர்விமானத்தின் பெயர். 1147 சி.சி. எஞ்சின், இரட்டை எஸ்.யூ. கார்புரேட்டர். 1965-ல் பிரான்சின் லெமான் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் முதலிடம் பெற்றது. 1980 வரை மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்பிட்ஃபயர்கள் விற்றன.

அந்த எஞ்சினின் வம்சாவளி முக்கியம். 1953-ல் ஸ்டாண்டர்டு எய்ட் காருக்காக வந்த 803 சி.சி. எஞ்சின்தான் வளர்ந்து ஹெரால்டில் 948 ஆனது. ஸ்பிட்ஃபயரில் 1147, 1296 என்று பெருத்துக் கடைசியில் 1493 வரை போனது. எல்லாம் ஒரே குடும்பம். ஹெரால்டின் முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்து இணைப்புக்கு இன்னொரு பெருமையும் உண்டு. லோட்டஸ் செவன், லோட்டஸ் எலான் போன்ற பெயர்பெற்ற ஸ்போர்ட்ஸ் கார்கள் அந்த டிரையம்ப் பாகத்தையே வாங்கிப் பூட்டிக்கொண்டன.

நம் ஊரில் எம்.ஜி., டிரையம்ப், ஜாகுவார் போன்ற அசல் பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்கள் மிகக் குறைவு. எஸ்டேட் துரைமார்களோடும், பிரிட்டிஷ் கம்பெனி அதிகாரிகளோடும், சமஸ்தான அரண்மனைகளுக்கும் வந்தவை சில. தூதரகங்கள் இறக்குமதி செய்து, பிறகு அரசு வர்த்தகக் கழகம் வழியாகக் கைமாறியவை சில. சுதந்திரத்துக்குப் பின் இறக்குமதிக் கதவு இறுக மூடியதால் அந்தச் சின்ன எண்ணிக்கை அப்படியே உறைந்துவிட்டது. அதனால்தான் தமிழ்நாட்டில் ஸ்பிட்ஃபயர் வைத்திருப்பவருக்கும் கைகொடுப்பது ஹெரால்டு பார்த்துப் பழகிய மெக்கானிக்தான். இரண்டு வண்டிக்கும் நோய் ஒன்று, வைத்தியம் ஒன்று.

ஓட்டப்பந்தய ஆசையும் இங்கே வேர்பிடித்திருந்தது. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், சோழவரத்தில் உலகப்போர்க் காலத்து விமான ஓடுபாதையில் பந்தயம் நடத்தியது. இறக்குமதியான ஜாகுவார்கள் சீறிய அதே பாதையில் ஃபியட்டும் அம்பாசிடரும் ஹெரால்டும் மல்லுக்கு நின்றன. பெரிய காசு இல்லாதவனும் தன் வீட்டுக் காரை இரவெல்லாம் பட்டறையில் செதுக்கி, மறுநாள் களத்தில் இறக்கலாம் என்ற நம்பிக்கையைக் கொடுத்த இடம் சோழவரம். பிறகு இருங்காட்டுக்கோட்டையிலும் கோவையிலும் பந்தயத்தளங்கள் எழுந்ததற்கு அந்த நம்பிக்கையே அடித்தளம்.

ஏற்றத்தில் டபுள் கிளட்ச்

காரவள்ளியில் ஏறத் தொடங்கும் ஹெரால்டை இப்போது பக்கத்தில் இருந்து பார்ப்போம்.

நாற்பது குதிரைத்திறன்கூட இல்லாத எஞ்சின். ஆனால் வண்டியும் இலேசு. ஏறத்தாழ 800 கிலோதான். மூன்றாவது கியரில் வளைவை நெருங்கி, இரண்டுக்கு இறக்கினால் பெரும்பாலான கொண்டை ஊசிகளை வாங்கிவிடும். ஏற்றம் செங்குத்தாகும் சில வளைவுகளில் இரண்டாவது கியர் போதாது, எஞ்சின் முக்கும். அங்கேதான் டிரைவரின் கைத்திறம் தெரியும். ஹெரால்டின் முதல் கியருக்கு, பற்களின் வேகத்தைச் சமன்செய்யும் சிங்க்ரோமெஷ் கிடையாது. ஓடும் வண்டியில் அப்படியே முதல் கியரைத் தள்ளினால் பற்கள் உரசி அலறும். கிளட்ச் மிதித்து நியூட்ரலுக்கு எடுத்து, காலை விட்டு, ஆக்சிலரேட்டரை ஒரு தட்டுத் தட்டி, மறுபடி கிளட்ச் மிதித்து முதல் கியரைப் போட வேண்டும். நேரம் சரியாக அமைந்தால் லீவர் வெண்ணெயில் இறங்கும் கத்தியாகப் போய் உட்காரும். டபுள் கிளட்ச் என்கிற இந்த வித்தையைப் பழைய லாரிகளை ஓட்டிய நாமக்கல் டிரைவர்களிடம் யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

வளைவுக்குள் நுழைந்ததும் ஸ்டியரிங்கை முழுதாக ஒடிக்கலாம். மூக்கு உள்பக்கம் திரும்பிக்கொண்டே இருக்கும். சாலையின் உள்விளிம்பில் ஏற்றம் அதிகம் என்பதால் பெரிய கார்கள் வெளிப்பக்கம் அகன்று போய்த் திரும்பும். எதிரே கீழிறங்கும் பேருந்துக்கு இடைஞ்சல். ஹெரால்டு தன் பக்கத்திலேயே திரும்பிவிடும். உட்காரும் இடம் தாழ்வு, கண்ணாடி அகலம், தூண்கள் மெலிது. அடுத்த வளைவில் என்ன வருகிறது என்பது முன்கூட்டியே தெரியும். ஸ்பிட்ஃபயரிலும் திருப்பம் ஏறத்தாழ இதே 25 அடிக்குள்தான். இன்னும் தாழ்வாக, மேலே கூரையில்லாமல் மலைக்காற்றில் உட்கார்ந்திருப்பீர்கள் என்பதே வித்தியாசம்.

மலைப்பாதையின் நியதிகளை இந்தக் கார் மேலும் அழுத்திச் சொல்லும். ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது வெறும் மரியாதை இல்லை. செங்குத்தில் நின்றுவிட்டால் 948 சி.சி. காரை ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து மறுபடி கிளப்புவதற்குள் கிளட்ச் தட்டு கருகும் வாடை வந்துவிடும். கோடை மதியத்தில் காரவள்ளியில் இருந்து கிளம்பினால் ரேடியேட்டர் கொதிக்கும். பெட்ரோல் பம்ப் சூடேறி, குழாய்க்குள் பெட்ரோல் ஆவியாகி எஞ்சின் அடைத்துக்கொள்ளும். ஈரத்துணியைப் பம்ப்மேல் சுற்றிக் கால் மணி நேரம் காத்திருந்தால் தானே சரியாகும். கொதிக்கும் ரேடியேட்டர் மூடியை மட்டும் அவசரப்பட்டுத் திறக்கக் கூடாது. விடியலில் ஏறுவதே புத்திசாலித்தனம். மேலே போகப்போகக் காற்று மெலிந்து, கலவையில் பெட்ரோல் மிகுந்து எஞ்சின் கொஞ்சம் மந்தமாகும். அரியூர் நாட்டின் ஏற்ற இறக்கச் சாலைகளில் ஓட்டும்போது சோக்கை முழுதாக உள்ளே தள்ளியிருக்கிறோமா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

இறக்கம்தான் பரீட்சை

ஏறும்போது சிரிக்கவைக்கும் கார், இறங்கும்போது கவனம் கேட்கும். ஹெரால்டின் முன்சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். 70 வளைவிலும் பிரேக்கை நம்பி இறங்கினால் டிரம் சூடேறி, பாதி மலையில் மிதி உள்ளே போகும், வண்டி நிற்காது. எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்க வேண்டும்; எஞ்சின்தான் முதல் பிரேக்.

இன்னொரு குணமும் உண்டு. ஹெரால்டு, ஆரம்பகால ஸ்பிட்ஃபயர் இரண்டிலும் பின்னால் இருப்பது ஸ்விங் ஆக்சில். டிஃபரென்ஷியலுக்கு மேல் குறுக்காக ஒரே பட்டை ஸ்பிரிங். இருபுறமும் ஆக்சில் மேலும் கீழும் ஊசலாடும். வேகமாக ஒரு வளைவுக்குள் நுழைந்து, பயத்தில் ஆக்சிலரேட்டரில் இருந்து சட்டென்று காலை எடுத்தால், வண்டியின் பின்பகுதி தூக்கிக்கொள்ளும். பின்சக்கரம் உள்பக்கமாக மடங்கி ஒட்டுப்பிடிப்பு போய்விடும். வால் வெளியே வீசும். கொண்டை ஊசிகளில் நாம் போகும் வேகத்துக்கு இது நடக்காது. வளைவுக்கும் வளைவுக்கும் இடையே இறக்கத்தில் வேகமெடுக்கும் நீள்வளைவுகளில் நடக்கும். மருந்து எளிது. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் கால் இலேசாக ஆக்சிலரேட்டரில் இருக்க வேண்டும்.

டிரையம்பே இந்தக் குறையை ஒப்புக்கொண்டு, 1970-ல் வந்த ஸ்பிட்ஃபயரில் ஸ்பிரிங் அமைப்பை மாற்றியது. வண்டலூர் ஆலை இன்னும் ஒரு படி போனது. எழுபதுகளின் தொடக்கத்தில் ஹெரால்டுக்குப் பதில் வந்த ஸ்டாண்டர்டு கெஸலில் ஸ்விங் ஆக்சிலையே தூக்கிவிட்டு, நம் சாலைகளுக்குத் தோதான திடமான ஒற்றை ஆக்சிலை வைத்தார்கள். வெள்ளைக்காரன் வரைந்ததை அப்படியே வாங்கிப் பூட்டிய ஆலை என்று வண்டலூரை யாரும் சொல்லிவிட முடியாது.

ஒரு சொட்டு எண்ணெயில் உயிர்

பழைய காரை வைத்திருப்பது என்றால் என்ன என்று ஒரே பாகத்தைக் காட்டிப் புரியவைக்கலாம். அதன் பெயர் டிரனியன்.

ஹெரால்டின் பானட் மற்ற கார்களைப் போல் பின்பக்கக் கீலில் திறப்பதில்லை. முன்பகுதி முழுவதும், மட்கார்டுகளோடு சேர்ந்து, முன்னோக்கிச் சாய்ந்து திறக்கும். மெக்கானிக் முன்டயர்மேலேயே உட்கார்ந்து எஞ்சின் வேலை பார்க்கலாம். அப்படி உட்கார்ந்து, சக்கரத்துக்கு உள்பக்கம் குனிந்து பாருங்கள். சக்கரத்தைத் தாங்கும் செங்குத்து இரும்பின் அடிமுனையில் மரை வெட்டியிருக்கும். அது ஒரு பித்தளைக் கட்டைக்குள் திருகி நிற்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரை பித்தளைக்குள் சுழல்கிறது. காரின் முன்பாரம் முழுவதும் அதன்மேல்தான். அந்தப் பித்தளைக் கட்டைதான் டிரனியன்.

அதற்கு கிரீஸ் அடிக்கக் கூடாது. 90 நம்பர் கியர் ஆயில்தான் விட வேண்டும். கிரீஸ் மரையின் அடிவரை இறங்காமல் மேலேயே உறைந்துபோகும். அடியில் ஈரம் தேங்கித் துருப்பிடிக்கும். துருவில் உராய்ந்து உராய்ந்து ஒருநாள் இரும்பு மரை ஒடியும். ஒடிந்த கணத்தில் சக்கரம் மட்கார்டுக்கு அடியில் மடிந்து, கார் தரையில் உட்கார்ந்துவிடும். வண்டி நிறுத்தும் இடத்தில் நடந்தால் செலவோடு போகும். கொல்லிமலையின் வளைவில் நடந்தால் உயிரே போகும்.

மலை ஏறி இறங்கும் ஒரே பயணத்தில் அந்த மரை 140 முறை முழு மடக்கு வாங்குகிறது. சமவெளியில் எளிதில் கிடைக்காத தேய்மானம். ஆகவே மலை ஏறுவதற்கு முந்தின நாள் இரண்டு டிரனியனுக்கும் எண்ணெய் விடுவது, பழைய டிரையம்ப் வைத்திருப்பவர்கள் கைவிடக் கூடாத நியமம். சில ரூபாய் எண்ணெய், சில நிமிட வேலை. அதைத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்கிறாரா இல்லையா என்பதில்தான் இந்தக் கார்களின் ஆயுள் இருக்கிறது.

நாமக்கல் என்னும் நல்வாய்ப்பு

கொல்லிமலையின் அடிவாரத்துக்கு அருகே நாமக்கல் இருப்பது பழைய கார்க்காரர்களுக்குப் பெரிய வரம். லாரி பாடி கட்டுவதில் நாடறிந்த ஊர். லேத்தில் கடைசல் வேலை, வெல்டிங், டிங்கரிங், ரேடியேட்டர், பட்டை ஸ்பிரிங் அடிக்கும் பட்டறை என்று ஒவ்வொரு கைத்தொழிலும் நடந்துபோகும் தூரத்தில். ஹெரால்டின் குறுக்குப் பட்டை தளர்ந்து பின்பக்கம் தொங்கினால், அடுக்குகளைப் பிரித்து, வளைவு கொடுத்து, மறுபடி பூட்டும் வேலை லாரிப் பட்டைகளில் ஊறிய கைகளுக்குப் புதிதல்ல. வால்வ் சீட் போடவும், சிலிண்டர் போர் போடவும், புஷ் கடையவும் லண்டன்வரை போக வேண்டியதில்லை.

இதில் ஓர் உறவு முறையும் ஒளிந்திருக்கிறது. நாமக்கல்லில் பாடி கட்டிய லாரிகளில் ஏராளமானவை எண்ணூரில் இருந்து வந்த அசோக் லேலண்டு சேசிஸ்கள். அசோக் மோட்டார்ஸ் 1955-ல் பிரிட்டனின் லேலண்டோடு கூட்டுச் சேர்ந்து அந்தப் பெயரைப் பெற்றது. 1961-ல் ஸ்டாண்டர்டு-டிரையம்பைக் கையில் எடுத்து, ஸ்பிட்ஃபயரின் தூசுத் துணியை விலக்கியதும் அதே லேலண்டு. அதே 1955-ல்தான் திருவொற்றியூர் என்ஃபீல்டும் தொடங்கியது. சென்னையைச் சுற்றி, ஒரே தலைமுறையில், லாரி, மோட்டார் சைக்கிள், கார் என மூன்று பிரிட்டிஷ் வம்சங்கள் தமிழ் மண்ணில் வேரூன்றின. லாரி நிலைத்தது. புல்லட் பிரிட்டனில் அணைந்த பிறகும் இங்கே எரிந்து, இன்று உலகம் சுற்றுகிறது. கார் மட்டும் அணைந்துவிட்டது.

அணைந்த விதமும் பாடம்தான். எண்பதுகளின் நடுவில் வண்டலூர் ஆலை கடைசியாக ஒரு பெரிய முயற்சியில் இறங்கியது. பிரிட்டனில் பெயரெடுத்த ரோவர் எஸ்.டி.1 காரை ஸ்டாண்டர்டு 2000 என்று கொண்டுவந்தது. உடல் நவீனம், உள்ளே வைத்தது வான்கார்டு காலத்து இரண்டு லிட்டர் எஞ்சின். விலை அதிகம், குடிக்கும் பெட்ரோல் அதிகம், ஓட்டம் குறைவு. மாருதி வந்து சந்தை மாறிக்கொண்டிருந்த நேரம் அது. சில ஆண்டுகளில் உற்பத்தி நின்றது. பிறகு 2006-ல் மிச்சமிருந்தவை ஏலத்துக்குப் போனபோது, கிடங்கில் கிடந்த எஸ்.டி.1 உதிரிபாகங்களை வாங்கிக்கொண்டு போனது ரிம்மர் பிரதர்ஸ் என்ற பிரிட்டிஷ் உதிரிபாக நிறுவனம். கோவென்ட்ரியில் இருந்து நமக்குப் பெட்டிகள் வந்த காலம் போய், வண்டலூரில் செய்த பாகங்கள் பிரிட்டனின் பழைய கார்களுக்கு உயிர்கொடுக்கப் புறப்பட்டன. அங்கே அவற்றின் மதிப்பு தெரிந்தவர்கள் இருந்தார்கள்.

சட்டமும் பெட்ரோலும்

பழைய கார் வைத்திருப்பவருக்கு இன்று இரண்டு கவலைகள். முதலாவது, காகிதம். பதிவாகி 15 ஆண்டு முடிந்த காருக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆர்.டி.ஓ. சோதனைக்குப் பிறகு ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். 2021-ல் மத்திய அரசு 50 ஆண்டு கடந்த, அசல் வடிவம் மாறாத வண்டிகளுக்குத் தனிப் பதிவு முறையைக் கொண்டுவந்தது. நம்பர் பலகையில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும். பழங்கார்களைச் சட்டம் ஒரு பாரம்பரியமாக ஏற்றது நல்ல செய்தி. ஆனால் அந்தப் பதிவில் இருக்கும் காரைக் கண்காட்சி, பழங்கார் பேரணி, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்ற காரியங்களுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை அரியூர் நாட்டுக்குப் போய்வர எடுக்க முடியாது. ஓட்டும் ஆசை உள்ளவர்கள் சாதாரணப் பதிவையே புதுப்பித்து வைத்துக்கொள்வது நல்லது.

இரண்டாவது, எரிபொருள். 2000-ல் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றது. பழைய எஞ்சின்களில் வால்வ் சீட்டைத் தேயாமல் காத்தது அந்த ஈயம். கெட்டியான சீட் வளையங்கள் போட்டால் அந்தப் பிரச்சினை தீரும். இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வந்திருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பர் குழாய்களையும் பம்ப் டயாஃப்ரத்தையும் அரிக்கும். எத்தனாலைத் தாங்கும் குழாய்களுக்கு மாறிவிட வேண்டும். மாதக்கணக்கில் டாங்க்கில் பெட்ரோலோடு வண்டியை நிறுத்திவைப்பது கார்புரேட்டருக்கு விஷம். ஓட்டாமல் வைப்பதைவிட ஓட்டுவதே காருக்கு நல்லது என்பதற்கு இது இன்னொரு காரணம்.

வாங்கும் முன் பாருங்கள்

• சட்டம்: ஹெரால்டு, ஸ்பிட்ஃபயர் இரண்டுக்கும் உயிர்நாடி. ஹெரால்டில், சட்டத்தில் இருந்து பக்கவாட்டில் நீளும் பின்பக்க அவுட்ரிக்கர்களைச் சுத்தியால் தட்டிப் பாருங்கள். கணீர் என்றால் நலம், பொத்தென்றால் துரு.

• டிரனியன்: முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி மேலும் கீழும் ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் மலைப்பக்கமே போகாதீர்கள்.

• ஆர்.சி., எஞ்சின் நம்பர், சேசிஸ் நம்பர் மூன்றும் பொருந்துகின்றனவா? பொருந்தாத வண்டிக்கு விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.

• கதவு இடைவெளி: துண்டு துண்டாக இணைத்த உடல் என்பதால், இடைவெளி கோணலாக இருந்தால் சட்டம் வளைந்திருக்கலாம்.

• மெக்கானிக்: கார் வாங்குவதற்கு முன் மெக்கானிக்கைத் தேடிக்கொள்ளுங்கள்.

ஓட்டினால்தான் வாழும்

கோவையில் ஜி.டி. கார் அருங்காட்சியகமும், சென்னையில் ஏவி.எம். பாரம்பரிய அருங்காட்சியகமும் பழைய கார்களை மக்கள் பார்வைக்கு வைத்திருக்கின்றன. மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் போன்ற அமைப்புகள் பேரணி நடத்துகின்றன. இவையெல்லாம் பெரிய சேவை. ஆனாலும் கண்ணாடிக்கு அப்பால் மினுங்கும் காரைப் பார்ப்பதால் டபுள் கிளட்ச் கற்க முடியாது. டிரனியனுக்கு என்ன எண்ணெய் என்று தெரியாது. அந்த அறிவு கையில் இருக்கிறது. ஹெரால்டில் கைபழகிய மெக்கானிக்குகள் முதுமையில் இருக்கிறார்கள். அவர்களுடைய கை ஓயும் நாளில், சட்டம் நன்றாக இருக்கும் கார்கூட இரும்புக்கடைக்குத்தான் போகும்.

கோடி ரூபாய் இறக்குமதிக் கார்களுக்குப் பாதுகாவலர்கள் நிறைய. ஹெரால்டுக்கு ஆள் இல்லை. அது நம் வீட்டில் செய்தது என்பதாலேயே நாம் அதை அரிய பொருளாக நினைக்கவில்லை. ஆனால் ஸ்பிட்ஃபயரின் உடன்பிறப்பைத் தமிழ்த் தொழிலாளிகள் செய்தார்கள். நான்கு கதவு வைத்தார்கள். ஆக்சிலை மாற்றித் திருத்தினார்கள். அந்த ஆலையை நினைவுபடுத்த வண்டலூர்ப் பகுதியில் ஒரு சின்னக் காட்சிக்கூடமாவது இருக்க வேண்டும். ஐ.டி.ஐ.களும் பாலிடெக்னிக்குகளும் ஆண்டுக்கு ஒரு பழைய எஞ்சினையாவது மாணவர்கள் கையால் பிரித்துப் பூட்டச் சொல்ல வேண்டும். மூத்த மெக்கானிக்குகளை அழைத்து, அவர்கள் செய்வதை வீடியோவில் பதிவுசெய்ய வேண்டும். இதற்கெல்லாம் பெரிய நிதி வேண்டாம், மனம் வேண்டும்.

உங்கள் தெருவில், உறவினர் வீட்டுக் கொட்டகையில் ஒரு ஹெரால்டு தார்ப்பாய்க்குள் நின்றுகொண்டிருந்தால், அதை எடைக்குப் போடவிடாதீர்கள். தெரிந்த மெக்கானிக்கை அழைத்து வந்து காட்டுங்கள். டிரனியனுக்கு எண்ணெய் விட்டு, பிரேக்கைச் சரிபார்த்து, முதலில் ஊருக்குள் ஓட்டுங்கள். பிறகு ஒரு விடியலில் காரவள்ளிக்குக் கொண்டு போங்கள். கூட ஒரு இளைஞனையும் அழைத்துச் செல்லுங்கள். பாதி வளைவுகளில் ஸ்டியரிங்கை அவன் கையில் கொடுங்கள்.